உப்புமா விரதம் இருந்த ஆமை

மலைமேல் ஒரு குளம் இருந்தது. குளத்துக்கு அந்தப் பக்கம் சோலைக்காடு, இந்தப் பக்கம் ஓர் ஓட்டு வீடு. குளத்துச் சேற்றில் ஏராளமான ஆமைகள் குடியிருந்தன. வீட்டில் ஒரே ஓர் ஆமை இருந்தது. வம்பெல்லாம் அந்த ஒன்றால்தான் வந்தது.

அவன் பெயர் கூர்மநாதன். வீட்டு அம்மாள் கோமளவல்லி வைத்த பெயர். குஞ்சாக இருந்தபோது குளக்கரையில் ஒரு காக்கை அவனைக் கொத்தப் பார்த்தது. கோமளவல்லி காக்கையை விரட்டி, அவனை முந்தானையில் போட்டு எடுத்துவந்தாள். “ஆமை புகுந்த வீடு உருப்படாது!” என்றார்கள் அக்கம்பக்கத்தார். “இது ஆமையா? பெருமாளோட கூர்மாவதாரம்!” என்று அவள் அவர்கள் வாயை அடைத்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் அவன் ஓட்டில் சந்தனப் பொட்டு வைத்தாள். முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட அவளுக்கு நேரம் இல்லாததால், அது கூர்மு என்று சுருங்கியது.

சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் அவனுக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. பாதி தண்ணீர், பாதி கல். கல்லுக்கு மேலே ஒரு மஞ்சள் பல்பு. பனிக்காலத்தில் மலையில் இருக்கிற அத்தனை பேரும் வெடவெடவென்று நடுங்குவார்கள். கூர்மு மட்டும் பல்புக்கு அடியில் நாலு காலையும் நீட்டிப் போட்டுக் கிடப்பான்.

வெயில் நாட்களில் கோமளவல்லி அவனைத் தோட்டத்தில் விடுவாள். அவன் ஆடி அசைந்து குளத்துக்குப் போவான். அங்கேதான் அவனுக்கு மானம் போகும்.

“வந்துட்டான்டா பல்பு!” என்று கத்தும் ஓர் ஆமை.

“பனிக்குத் தூங்காதவன் ஒரு ஆமையா? ஓடு போட்ட எலி!” என்று சிரிக்கும் இன்னொன்று.

தவளைகள் வேறு பின்பாட்டுப் பாடும். கூர்மு தலையை உள்ளே இழுத்துக்கொள்வான். உள்ளே போன பிறகு அழுவான்.

அந்தக் குளத்தில் அவனுக்குப் பரிந்து பேச ஒருத்திதான் உண்டு. பேச்சி. அவன் அக்கா. இரண்டு பேரும் ஒரே குழியில் பொரிந்தவர்கள். அவள் முட்டை கொஞ்சம் முந்தி உடைந்தது, அவ்வளவுதான். அதற்கே அவள் ஆயுள் முழுக்க அதிகாரம் செய்தாள்.

ஐப்பசி மழை ஓய்ந்தது. குளத்து ஆமைகள் பனி உறக்கத்துக்குத் தயாராயின. அன்று கூர்மு குளக்கரைக்கு வந்து, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்.

“அக்கா! இந்தப் பனிக்கு நானும் உங்களோட சேத்துக்குள்ளதான் தூங்கப் போறேன்!”

பேச்சி அவனை மேலும் கீழும் பார்த்தாள். “தூங்கு. ஆனா அதுக்கு முன்னாடி நோன்பு இருக்கணும், தெரியுமா?”

“என்ன நோன்பு?”

“இன்னையிலிருந்து புல்லுல உறைபனி விழற நாள் வரைக்கும் ஒண்ணும் திங்கக் கூடாது. வயித்துல ஒரு பருக்கை தங்கக் கூடாது. குளிர் வந்தா வயிறு கடையைச் சாத்திடும்டா. உள்ள கிடக்கிறது அப்படியே அழுகும். அப்புறம் ஆளும் அழுகிடுவான். நம்ம சடையன் மாமா அப்படித்தான் போனாரு. ரெண்டு நத்தைக்கு ஆசைப்பட்டு, பங்குனியில வெறும் ஓடா வந்தாரு!”

கூர்மு வாய்விட்டுச் சிரித்தான். “விரதம்தானே? எனக்கு அது தண்ணி பட்ட பாடு அக்கா! எங்க வீட்டுல வாரத்துக்கு ஒரு விரதம்!”

அவன் சொன்னது பொய் இல்லை. கோமளவல்லி ஏகாதசி விடமாட்டாள். சனிக்கிழமை விடமாட்டாள். விரத நாளில் அவள் சோற்றைக் கையால் தொடமாட்டாள். ரவா உப்புமாதான் தொடுவாள். அதோடு தேங்காய்ச் சட்னி. நடுவில் இரண்டு வாழைப்பழம். சாயங்காலம் அவல் பாயசம். படுக்கப் போகும்போது, “நாள் முழுக்கப் பட்டினி, கண்ணெல்லாம் இருட்டுது” என்று சொல்லி ஒரு டம்ளர் பால். தொட்டிக்குள் இருந்து இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவன் கூர்மு. விரதம் என்றால் பலகாரம் என்று அவன் நினைத்ததில் என்ன தப்பு?

அந்த வீட்டில் ஒரு பூனையும் இருந்தது. பெயர் ஜமீன். பெயருக்கு ஏற்ற மாதிரி ஒரு வேலையும் செய்யமாட்டான். பனிக்காலம் வந்தால் ஜமீனுக்கு ஒரே ஒரு கவலை. அந்த மஞ்சள் பல்பு! எத்தனையோ தடவை கல்லின் மேல் ஏறப் பார்த்தான். ஏறும்போதெல்லாம் கூர்மு வாலைக் கடித்தான்.

கூர்மு குளத்துக்குக் குடிபோகிறான் என்று கேட்டதும் ஜமீனுக்கு மீசை துடித்தது.

“மாப்பிள்ளே! நல்ல முடிவு! இனம் இனத்தோடதான் சேரணும்!” என்றான்.

“ஆனா பசி எடுத்தா என்ன பண்றது?” என்று கேட்டான் கூர்மு.

ஜமீன் யோசித்தான். இவனைப் பட்டினி போட்டால் இரண்டே நாளில் வீட்டுக்கு வந்து நிற்பான். வந்தால் பல்பு போச்சு. ஆகவே இவனுக்கு வயிறு நிறைய வேண்டும்!

“அதுக்கு நான் எதுக்கு இருக்கேன்? அம்மா தினமும் மதில் மேல காக்காய்க்கு ஒரு இலையில வெக்கிறாங்க இல்ல? அதை நான் குளத்துப் பக்கமாத் தள்ளிவிடுறேன். நீ புதருக்குள்ள இரு, போதும்!”

அப்படியே நடந்தது. கூர்மு குளத்தில் தங்கிவிட்டான். கோமளவல்லி முதல் நாள் தவித்துப்போனாள்.

“பனியில விறைச்சுப் போயிடுமேங்க!”

“அட, காட்டு ஆமையெல்லாம் எங்க படுக்குது? மெத்தையிலயா? வெளியில இருந்தாத்தான் அது ஆமை. உள்ள வெச்சா அது அலங்காரப் பொருள்!” என்றார் அவள் கணவர். இந்தச் சண்டை அந்த வீட்டில் வருஷா வருஷம் நடப்பதுதான். இந்த வருஷம் ஆமையே அவர் கட்சிக்குப் போய்விட்டது.

“வந்தாலும் வருவான், பல்பு எரியட்டும்” என்று மட்டும் சொன்னாள் கோமளவல்லி. பல்பு எரிந்தது. அதற்கு அடியில் ஜமீன் மல்லாந்து படுத்தான்.

குளத்தில் நோன்பு தொடங்கியது. ஆமைகள் எல்லாம் வாயைக் கட்டின. கூர்முவும் கட்டினான். ஊருக்கு முன்னால் அவனைப் போல நோன்பிருக்க ஆள் கிடையாது! கரைக்கல்லின் மேல் கண்ணை மூடி உட்காருவான். மூக்குக்கு நேரே புழு நெளிந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டான். ஐந்து புலனையும் அடக்குவதற்குப் பெரியவர்கள் ஆமையைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அவர்கள் யாரும் கூர்முவைப் புதருக்குள் பார்த்ததில்லை.

புதருக்குள் தினம் ஓர் இலை வந்தது. ஏகாதசியன்று உப்புமா. மற்ற நாளில் இட்லி, அடை, சில நாள் கேசரி. மதில்மேல் காக்கைகள் வாயில் வந்தபடி திட்டின. கூர்மு காதில் போட்டுக்கொள்ளவில்லை. ‘நான் புழு தொடவில்லை. நத்தை தொடவில்லை. சோறு தொடவில்லை. ரவையெல்லாம் ஒரு தீனியா? மணல் மாதிரி எவ்வளவு சின்னதாக இருக்கிறது!’ என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டான். சடையன் மாமாவின் நினைவு ஒன்றிரண்டு தடவை வந்தது. அவர் தின்றது நத்தை, நாம் தின்பது பலகாரம் என்று அதையும் தள்ளிவிட்டான்.

நாளாக ஆக மற்ற ஆமைகள் இளைத்தன. கூர்மு மட்டும் பூசணிக்காய் ஆனான். இதைப் பார்த்துக் குளமே வாயைப் பிளந்தது.

“பட்டினி கிடக்கக் கிடக்க மெருகு ஏறுதே!”

“அது சதை இல்லப்பா, அருள்!”

“வீட்டுல வளர்ந்த பிள்ளைக்கு என்ன பக்தி!”

நேற்று வரை பல்பு என்று கத்திய அதே வாய்கள்தான். தவளைகள் வரிசையில் வந்து அவன் ஓட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டன. கூர்முவுக்குத் தலைகால் புரியவில்லை. பிறந்ததிலிருந்து அவன் ஏங்கிய மரியாதை இது. அதைக் கைவிட அவனுக்கு மனமே வரவில்லை.

பேச்சிக்கு மட்டும் சந்தேகம். “ஏன்டா, நாங்க எல்லாம் காஞ்ச நெத்து மாதிரி இருக்கோம். நீ மட்டும் எப்படிடா பெருக்கிறே?”

“அருள் அக்கா!” என்றான் கூர்மு, கண்ணைத் திறக்காமல்.

மார்கழி பிறந்தது. ஒரு நாள் காலையில் புல்லெல்லாம் உப்புக் கொட்டினாற்போல வெளுத்துக் கிடந்தது. உறைபனி விழுந்துவிட்டது! வெயில் ஏறியதும் ஆமைகள் கரையில் கூடின.

“அருளாளர் முதல்ல இறங்கட்டும்!” என்று கத்தியது கூட்டம்.

கூர்மு கம்பீரமாகத் தண்ணீரில் இறங்கினான். மூச்சை இழுத்தான். முங்கினான். முங்கிய வேகத்தில் மேலே வந்தான்.

மறுபடியும் முங்கினான். மறுபடியும் மேலே வந்தான். காலை உதைத்தான், கழுத்தை நீட்டினான், தலைகீழாகப் பாய்ந்தான். பின்பக்கம் மட்டும் மேலே நின்றது. இத்தனை நாள் தின்ற பலகாரம் குளிர் பட்டதும் வயிற்றுக்குள் புளித்து நுரைத்து உப்பிக்கொண்டிருந்தது. ஓட்டுக்குள் இருந்த இடமெல்லாம் காற்று. நெல்லிக்காயை முக்கினால் அது கீழே போகுமா?

கூர்மு கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டான். ‘தொலைந்தேன். இப்போது எல்லாரும் சிரிக்கப் போகிறார்கள்’ என்று நினைத்தான்.

யாரும் சிரிக்கவில்லை.

“மிதக்கிறார்! தண்ணிமேல மிதக்கிறார்! சித்தி கிடைச்சிருச்சு!” என்று கூவியது ஒரு கிழட்டுத் தவளை. அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பேச்சி மட்டும் நீந்திப் பக்கத்தில் வந்தாள். “வாயைத் திறடா.”

“எதுக்கு?”

“திறடா!”

திறந்தான். அவன் உதட்டோரம் ஒரு கறிவேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்தது.

பேச்சிக்கு ரத்தம் கொதித்தது. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டாள். “அடப் பாவி! சித்தியும் இல்ல, சின்னம்மாவும் இல்ல. உள்ள இருக்கிறது உப்புமா! டேய், வெயில் இருக்கு, காலு இன்னும் ஆடுது. இப்பவே கரையேறி வீட்டுக்குப் போயிடு. ராத்திரி குளிர்ல மேலயே கிடந்தா விடியறப்போ கல்லாயிருப்பே!”

கூர்மு கரையைப் பார்த்தான். தவளைகள் கைகூப்பி நின்றன. இப்போது வீட்டுக்குப் போனால் நாளை முதல் அவன் பழையபடி பல்பு. இல்லை, பல்பை விட மோசம்.

“அக்கா, நான்... நான் மேலிருந்தே தவம் பண்றேன்” என்றான்.

“பண்ணு! நாசமாப் போ!” என்று பேச்சி தண்ணீரை அறைந்துவிட்டு முங்கினாள். ஒவ்வொருவராக மற்றவர்களும் முங்கினார்கள். தவளைகள் பொந்துக்குள் போயின. குளத்தின் மேல் கூர்மு ஒருவன்தான் இருந்தான்.

மாலையில் வெயில் இறங்கியது. மலைக்குளிர் தண்ணீரின் மேல் வந்து உட்கார்ந்தது. கூர்முவின் பின்னங்கால் முதலில் மரத்தது. பிறகு முன்னங்கால். வயிறு கல்லாகக் கனத்து வலித்தது. இப்போது பார்க்க யாரும் இல்லை, நைசாக வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தான். கால் நகரவில்லை. வீட்டு ஜன்னலைப் பார்த்தான். எப்போதும் அங்கே மஞ்சளாக ஒரு வெளிச்சம் தெரியும். இன்றைக்கு ஜன்னல் இருட்டாக இருந்தது.

அப்போதுதான் அவனுக்கு உண்மையான பயம் வந்தது. மரியாதை, அருள், தவம் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. உயிர் மட்டும்தான் மிச்சம் இருந்தது, அதுவும் போகப் பார்த்தது.

“அக்கா!” என்று கத்தினான். “நான் உப்புமா தின்னேன்! அடை தின்னேன்! கேசரி தின்னேன்! தினமும் தின்னேன்! என்னைக் காப்பாத்து அக்கா!”

இதற்குள் வீட்டில் இன்னொரு கூத்து நடந்திருந்தது. உறைபனி விழுந்ததைப் பார்த்த கோமளவல்லியின் கணவர், “இனிமே எங்க வரப் போறான்? ஆமை இல்லாத தொட்டிக்கு விளக்கு எதுக்கு?” என்று பல்பைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். மல்லாந்து படுத்திருந்த ஜமீனுக்கு முதுகு சில்லிட்டது. பல்பு எரிந்ததே ஆமைக்காகத்தான் என்பது அந்த மரமண்டைக்கு அப்போதுதான் உறைத்தது.

ஜமீன் ஒரே ஓட்டமாகக் குளத்துக்கு வந்தான். “மாப்பிள்ளே! வா வீட்டுக்கு! நீ இல்லாம வீடு வீடாவே இல்ல!”

“காலு வரலை ஜமீன்...” என்று முனகினான் கூர்மு.

ஜமீன் ஒரு பாதத்தைத் தண்ணீரில் வைத்தான். உடனே எடுத்துவிட்டான். எவ்வளவு ஆசை இருந்தாலும் பூனை பூனைதான்.

அந்த நேரத்தில் கூர்முவுக்கு அடியில் ஏதோ முட்டியது. பேச்சி! கோபத்தில் முங்கினாளே தவிர, அவளுக்குத் தூக்கம் வரவில்லை. தம்பியின் குரல் கேட்டதும் சேற்றைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டாள். அவள் கால்களும் மரத்துத்தான் இருந்தன. இருந்தாலும் மூக்கால் முட்டினாள். ஒரு முட்டு, ஒரு திட்டு.

“உப்புமாவாடா கேக்குது உனக்கு? இந்தா!” ஒரு முட்டு. “தவமா பண்றே? இந்தா!” இன்னொரு முட்டு. கூர்மு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கு வந்தான். ஜமீன் நகத்தை ஓட்டின் விளிம்பில் மாட்டி இழுத்துக் கரையில் போட்டான். அதற்கு மேல் அவனால் நகர்த்த முடியவில்லை. தின்றது அத்தனை கனம்! எல்லாம் அவனே தள்ளிவிட்ட இலைகள்தான்.

“கத்துடா!” என்றாள் பேச்சி.

ஜமீன் கத்தினான். அப்படி ஒரு கத்தலை அந்த மலை கேட்டதே இல்லை. சாமி விளக்கு ஏற்றிக்கொண்டிருந்த கோமளவல்லி தீப்பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். விறைத்துக் கிடந்த கூர்முவைக் கண்டதும், “அய்யோ, என் கண்ணே!” என்று முந்தானையில் வாரி எடுத்துக்கொண்டாள். பேச்சி சத்தம் இல்லாமல் தண்ணீருக்குள் போய்விட்டாள்.

வெதுவெதுப்பான தண்ணீரில் அவனைப் போட்டார்கள். பரணிலிருந்து பல்பு இறங்கியது. கூர்முவின் கால் மெல்ல அசைந்தது. பிறகு கண் திறந்தது. கோமளவல்லி பெருமாளுக்கு நன்றி சொல்லிக் கற்பூரம் ஏற்றினாள். மணி அடித்தாள்.

அந்த நல்ல நேரத்தில்தான் கூர்முவின் வயிறும் திறந்துகொண்டது.

மணிச் சத்தம் அதில் அமுங்கிப்போனது. கற்பூரம் அணைந்தது. ஜமீன் மேசைக்கு அடியில் மூக்கைப் பொத்திக்கொண்டான். “வெளியிலதான் இருக்கணும்னு நான் அப்பவே சொன்னேனே!” என்று கத்திக்கொண்டே கோமளவல்லியின் கணவர் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டார்.

கூர்மு பிழைத்துக்கொண்டான். ஆனால் பல நாட்கள் அவனால் ஒரு கீரைத் தண்டு கூடத் தின்ன முடியவில்லை. அவன் ஆயுளில் இருந்த முதல் உண்மையான விரதம் அதுதான். அதைப் பார்க்க ஒரு தவளை கூட இல்லை.

பங்குனியில் குளம் விழித்தது. கூர்மு கரைக்குப் போனான். ஆமைகளும் தவளைகளும் ஓடிவந்து சூழ்ந்துகொண்டன.

“அருளாளரே! தவம் எப்படி முடிஞ்சது?”

கூர்மு பேச்சியைப் பார்த்தான். “தவமும் இல்ல, மண்ணும் இல்ல. நான் திருட்டுத்தனமாத் தின்னேன். வயித்துல காத்து. அதான் மிதந்தேன். யாரும் என்னை மாதிரி பண்ணிடாதீங்க, செத்துடுவீங்க!”

கிழட்டுத் தவளை கண்ணைத் துடைத்துக்கொண்டது.

“என்ன அடக்கம்! என்ன அடக்கம்! செய்யாத தப்பைச் செஞ்சதாச் சொல்றாரு பாருங்க!”

மறுபடியும் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கூர்மு தலையில் அடித்துக்கொள்ளப் பார்த்தான். கால் எட்டவில்லை.

“விடுடா” என்றாள் பேச்சி. “ஊரை ஏமாத்துறது சுலபம். ஏமாந்த ஊரைத் திருத்துறதுதான் கஷ்டம். சரி, வர்ற பனிக்கு என்ன பண்ணப் போறே? உள்ளேயா, வெளியேயா?”

“வெளியே இருந்தா வயிறு காலியா இருக்கணும். உள்ளே இருந்தா பல்பும் இருக்கணும், சாப்பாடும் இருக்கணும். ரெண்டையும் இனிமே கலக்க மாட்டேன் அக்கா!”

“அதைத்தான் கேக்குறேன், ரெண்டுல எது?”

கூர்மு பதில் சொல்ல வாயெடுத்தான். அப்போது வீட்டுப் பக்கமிருந்து கடுகு வெடிக்கும் சத்தம் வந்தது. பின்னாலேயே கறிவேப்பிலை வாசம் வந்தது. அன்றைக்கு ஏகாதசி.

“உள்ளேதான் அக்கா!” என்று சொல்லிவிட்டு, கூர்மு திரும்பிப் பார்க்காமல் நடந்தான். பல்பு என்று யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தாலும் அவன் நின்றிருக்க மாட்டான்.

விரதத்தில் ஊரை ஏமாற்றிவிடலாம், ஆனால் சொந்த வயிற்றை ஒருநாளும் ஏமாற்ற முடியாது.